வாழைக்காய் மண்டி கேஸ்

ஜூலை 3, வியாழன்

தினம் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வாயால் திட்டினால் பிரஷர் ஏறுகிறதாம், கையால் திட்டினால் ஏறாதாம். உரக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பாதி வருஷத்தை அப்படியே விட்டுவிட்டு இங்கிருந்து தொடங்குகிறேன்.

இன்றைக்குத் திட்ட வேண்டிய ஆள் ஜெபக்கனி டீச்சர். எங்கள் வாழைத்தார் மண்டிச் சங்கம் நடத்துகிற கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவி. தலைவி என்றால், முதல் வருஷத்தில் சேர்ந்திருக்கிற ஒன்பது பேருக்குத் தலைவி. ஒன்பது பேருக்கு மூன்று வாத்தியார், ஒரு லேப், ஒரு எலும்புக்கூடு. செடி கொடி படிக்க எலும்புக்கூடு எதற்கு என்று கேட்டேன். விலங்கியலை மூடியபோது அது மட்டும் மிஞ்சிவிட்டதாம். இதையும் மூடினால் எலும்புக்கூட்டை எங்கே அனுப்புவது என்பதுதான் என் கவலை.

நான் கல்லூரிச் செயலாளர். எட்டாம் வகுப்போடு நின்றவன். தள்ளுவண்டியில் சீப்பு விற்றுத் தொடங்கி இன்று கேரளாவுக்கு லோடு அனுப்புகிறேன். ஓடாத சரக்குக்கு அறை கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த ஒரே கல்விக் கொள்கை. அதனால் இன்றைய கமிட்டிக் கூட்டத்தில் தாவரவியலை மூடிவிட்டு அந்த லேப்பில் பி.பி.ஏ. வகுப்பு வைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன்.

டீச்சர் அழவில்லை, கெஞ்சவில்லை. ஆகஸ்ட் வரை தவணை கேட்டார். பாடத்தைப் பாடமாக நடத்தாமல் "கேஸ் ஸ்டடி"யாக நடத்தப் போகிறாராம். நிஜத்தில் நடக்கிற ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதற்குள் உயிரியல் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு, சட்டம் எவ்வளவு என்று பிள்ளைகளே பிரித்துப் பார்ப்பார்களாம். பி.காம்., பொருளியல் பிள்ளைகளும் கூட உட்காரலாமாம். அடுத்த வருஷம் ஆள் சேரும் என்கிறார்.

யாராவது போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. சங்கத் தலைவர் ராஜபொன்னையா அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வே தவசிமுத்து, நீரே போய் உக்காரும். உமக்குத்தான் ஒம்பதாம் வகுப்பு பாக்கி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைவர் பத்தாவது ஃபெயில்.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு மணிக்கு லேப். கடைசி பெஞ்ச். பக்கத்தில் எலும்புக்கூடு.

டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கதை மாதிரி இருந்தது. 'ஒரு ஊரில் ஒரு வாழைக்காய் வியாபாரி. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு மஞ்சள் பழமாக முந்நூறு தார் கேட்கிறார்கள். இன்று புதன். குடோனில் இருப்பது எல்லாம் பச்சை. அவர் என்ன செய்வார்?' அவ்வளவுதான். மீதிக் கதை அடுத்த வாரம் வருமாம்.

சீட்டுக் குலுக்கினார்கள். ஒருத்தன் விவசாயி, ஒருத்தன் வியாபாரி, ஒருத்தி உணவு அதிகாரி, ஒருத்தி பழம் தின்கிறவள். முத்து இசக்கி என்கிற பெண்ணுக்கு 'வாழைக்காய்' என்று சீட்டு விழுந்தது. கரும்பு மாதிரி ஒல்லிப் பிள்ளை, குரல் மட்டும் ஏலக்காரன் குரல்.

வியாபாரியாக வந்த பி.காம். பையன் யோசிக்கவே இல்லை. மருந்துத் தண்ணியில முக்கிருவேன், ராத்திரியோட மஞ்சளாயிரும் என்றான். அதிகாரியாக வந்தவள், முக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றாள். இரண்டு பேரும் கையை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது முத்து இசக்கி எழுந்து, "நா பழுக்கதுக்குத் தயாரான்னு எங்கிட்ட யாராச்சும் கேட்டீயளா?" என்றது.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் கேள்வி என்றார். தாரை வெட்டின பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது, தான் பழுக்க வேண்டிய நேரத்துக்குத் தானே ஒரு வாயுவை உண்டாக்கிக்கொள்கிறது என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் போனேன். முடியவில்லை. வெட்டின தார் எப்படியம்மா மூச்சு விடும் என்று கேட்டுவிட்டேன். வீட்டில் ஒரு சீப்பைப் பாலிதீன் பையில் கட்டி வைத்துப் பாருங்க ஸார் என்றார்.

ஜூலை 9, புதன்

பை உள்ளே வியர்த்திருக்கிறது. இது என்ன கூத்து என்று வீட்டுக்காரி வேலம்மாள் கேட்டாள். ஈ மொய்க்காமல் இருக்க என்றேன்.

ஜூலை 12, சனி

கொச்சி லோடு போய்ச் சேர்ந்தது. கழிவு அதிகம் என்று அங்கிருந்து போன். டிரைவரைத் திட்டினேன் (கையால் இல்லை).

மஞ்சள் கயிறு நன்றாகத்தான் இருந்தது, மகன் சிவபாலன் தார் கட்ட நீலக் கயிறு வாங்கிப் போட்டிருக்கிறான். நம் சரக்கு தனியாகத் தெரிய வேண்டுமாம். ஊரில் வேறு யாரும் நீலம் கட்டுவதில்லை என்று பெருமை. எம்.பி.ஏ. படித்தவன். குடோன் முழுக்க அவன் பொறுப்பு. பின் ஷெட்டில் நீல டிரம் இரண்டும் அவன் வாங்கினதுதான். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. பொறுப்பைக் கொடுத்துவிட்டால் நோண்டக் கூடாது.

ஜூலை 15, செவ்வாய்

இன்று பந்தயம் கட்டிவிட்டேன். ஒரு தார்.

மூட்டம் போட்டால் காய் எப்படிப் பழுக்கிறது என்று டீச்சர் கேட்டார். புகை போட்டு அறையை அடைத்தால் சூட்டில் பழுக்கிறது, இதில் என்ன கேள்வி என்றேன். முப்பது வருஷம் மூட்டம் போட்டவன். பிள்ளைகள் எல்லாரும் என் பக்கம். டீச்சர் சூடு இல்லை, புகையில் இருக்கிற வாயுதான் என்றார். பார்த்துவிடலாம் என்றேன்.

இரண்டு அட்டைப் பெட்டி. ஒன்றில் பச்சைச் சீப்போடு குண்டு பல்பு எரியவிட்டு என் சூடு. இன்னொன்றில் பல்பு கிடையாது, பச்சைச் சீப்பு நடுவில் ஒரே ஒரு பழுத்த பழம். என் பெட்டிக்கு முத்து இசக்கி 'அண்ணாச்சி மூட்டம்' என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

ஜூலை 19, சனி

பெட்டியைத் திறந்தார்கள். டீச்சரின் சீப்பு கல்யாண வீட்டுப் பழம் மாதிரி ஒரே சீராக மஞ்சள். என்னுடையது பச்சையாகவே இருந்தது. தொட்டால் கொழகொழ. பச்சைத் தோலுக்குள் அழுகல்.

ஒரு பழம் பழுத்தால் அது விடுகிற வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும் என்று விளக்கினார். சூடு மிஞ்சினால் தோலின் பச்சை போகாதாம், உள்ளே மட்டும் குழைந்துவிடுமாம். கொச்சி லோடில் ஏன் அத்தனை கழிவு என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. லாரியில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டச் சொன்னது நான்தான். டிரைவரைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. காற்று போகிற மாதிரி கட்டச் சொன்னேன், அவ்வளவுதான்.

தாரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல தாராகவே கொடுத்தேன்.

ஜூலை 23, புதன்

இன்று மார்க்கெட்டில் நடந்த கூத்தை எழுத இந்தப் பக்கம் போதாது.

நேற்றைய வகுப்புக்காக டீச்சர் கல்லூரி கேட் கரும்பலகையில் எழுதிப் போட்டது அழிக்கப்படாமல் இப்படியே இருந்திருக்கிறது: 'வாழைக்காய் மண்டி கேஸ். செவ்வாய் மதியம் 2 மணி. விவசாயி, வியாபாரி, உணவு அதிகாரி மூன்று தரப்பும் தவறாமல் வர வேண்டும்.'

பிள்ளைகளுக்குப் புரியும். அந்த வழியாக டீ வாங்கப் போன லோடுமேனுக்கு எப்படிப் புரியும்? மண்டி மேல கேஸ் போட்டிருக்காவ, விசாரணை தேதி போட்டாச்சு, அதிகாரி வாராரு என்று வந்து சொல்லியிருக்கிறான். பத்து மணிக்குள் மார்க்கெட் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி அதைக் கோர்ட் கேஸ் என்றது. மறு பாதி இல்லை, காயைப் பழுக்க வைக்கிற வாயு கேஸ் என்றது; கல்லூரி மூலமாக மண்டிக்கு மண்டி இலவசமாக கேஸ் ரூம் கட்டித் தருகிறார்கள் என்று நம்பியது. இந்த இரண்டாவது கும்பல் ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு கல்லூரி ஆபீஸில் வரிசையில் நின்றுவிட்டது. முதல் கும்பல் வக்கீல் வீட்டுக்கு ஓடியது.

முன்ஜாமீனுக்குத்தான். தலைமை தாங்கி அழைத்துப் போனது ராஜபொன்னையா அண்ணாச்சி. வக்கீல் குமாஸ்தா என் சீட்டாட்டக் கூட்டாளி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எந்த ஸ்டேஷன் என்று வக்கீல் கேட்டிருக்கிறார். தெரியாது என்றிருக்கிறார்கள். சரி, எந்த செக்‌ஷன்?

"பாட்டனி செக்‌ஷன்" என்றாராம் தலைவர்.

எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று வக்கீல் கேட்டதற்கு, கூடப் போன நாலு மண்டிக்காரர்களும் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு, முக்கினது கொஞ்சம்தான் ஸார் என்றிருக்கிறார்கள். கேஸும் இல்லை, கம்ப்ளெயின்ட்டும் இல்லை, யார் யார் முக்குகிறார்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரிந்துபோனது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எங்கள் குடோனையும் காலையில் கழுவிவிட்டோம். ஆடி மாதம், சுத்தமாக இருக்கட்டும். டிரம் இரண்டையும் மச்சினன் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். இடத்தை அடைக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

தலைவர் என்னோடு பேசவில்லை. மார்க்கெட்டில் எல்லாரும் அவரை 'செக்‌ஷன் அண்ணாச்சி' என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்தது நான் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்திருக்கலாம்.

கமிட்டியில் டீச்சரை உடனே அனுப்ப வேண்டும் என்று மூன்று பேர் கடிதம். தவணை ஆகஸ்ட் வரை இருக்கிறது என்று நான் நிறுத்தி வைத்தேன். சொன்ன சொல்லை மாற்றக் கூடாது, வியாபாரத்துக்கு அது நல்லதில்லை. வேறு காரணம் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

டீச்சர் மார்க்கெட்டில் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். எதற்கு என்றேன். கேஸ் என்று எழுதினது தப்புதானே என்றார். அம்மா, இருபது வருஷமாகச் சங்கத்தால் கண்டுபிடிக்க முடியாததை ஒரு கரும்பலகை கண்டுபிடித்திருக்கிறது, பேசாமல் இருங்க என்றேன்.

துறையை மூடினால் எங்கே போவீர்கள் என்றும் கேட்டேன். இந்த வயசுக்கு மேல யாரும் எடுக்க மாட்டாங்க, டியூஷன்தான் என்றார். வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். அதைப் பஸ் டைம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா கோயில் திருவிழா, உள்ளூர் விடுமுறை. வகுப்பு இல்லை. மத்தியானம் சும்மா அந்தப் பக்கம் வண்டியை விட்டேன். கேட் பூட்டியிருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று பிள்ளைகள் ஆளுக்கொரு கடையில் மஞ்சள் பழமாக வாங்கி வந்திருந்தார்கள். எந்த மண்டிச் சரக்கு என்று சொல்லக் கூடாது, நம்பர் மட்டும் ஒட்ட வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. ஊரில் சண்டை வேண்டாம் என்று ஏற்பாடு.

பழத்தை இரண்டாக வெட்டி அயோடின் சொட்டு விட்டார்கள். காய் பழுக்கும்போது உள்ளே இருக்கிற மாவு சர்க்கரையாக மாறும். மாறியிருந்தால் சொட்டு பழுப்பாகவே கிடக்கும். மாவு அப்படியே இருந்தால் மை கொட்டின மாதிரி கறுத்துவிடும். தோல் ஏமாற்றலாம், அயோடினை ஏமாற்ற முடியாது.

முதல் மூன்றும் பரவாயில்லை. நாலாம் நம்பர் கறுத்த கறுப்பில் தட்டே கறுத்தது. வெளியே எலுமிச்சை மஞ்சள், உள்ளே காய். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பி.காம். பையன் மட்டும் சந்தோஷமாக, பாருங்க ஸார், இந்த வியாபாரி புத்திசாலி, விலையும் வாங்கிட்டான் என்றான். முத்து இசக்கி அவனைப் பார்த்து, "எங்கம்மா பத்து நாளா ஆஸ்பத்திரியில, பாலும் பழமும் மட்டும் குடுன்னு டாக்டர் சொன்னாரு. பழம்னு நெனச்சு எதை வாங்கிக் குடுத்தேன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றது. நடிப்புக்காகச் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டது.

நாலாம் நம்பர் எந்த மண்டி என்று டீச்சர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காம்பில் கயிறு ஒட்டிக்கொண்டிருந்தது. நீலம்.

வீட்டுக்கு வந்ததும் பிரஷர் பார்த்தேன். எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 13, புதன்

மச்சினனுக்குப் போன் போட்டேன். டிரம் இரண்டையும் சிவபாலன் போன வாரமே திரும்பக் கொண்டுவந்துவிட்டானாம். சாப்பிடும்போது சிவபாலனிடம் பழம் விலை பேசினேன். அவன் கேரள ஆர்டரைப் பற்றிச் சொன்னான். குழம்பில் உப்பு கம்மி என்றேன். சரியாகத்தான் இருக்கு என்றாள் வேலம்மாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கமிட்டி முழுக்க வந்து பார்த்தது. கல்லூரி ஹாலில் கடைசி வகுப்பு. இந்தத் தடவை சீட்டு எங்களுக்குக் குலுக்கினார்கள். எதிர்க்கப் போகிறவனைக் கேஸுக்குள் இழுத்து உட்கார வைத்துவிட்டார் டீச்சர். வியாபாரத்துக்கு வந்திருந்தால் எனக்குப் பெரிய போட்டி.

எனக்கு உணவு அதிகாரி. தலைவருக்கு விழுந்தது வாழைக்காய்.

முடியாது என்று எழுந்தார். கடைசி வரிசையிலிருந்து யாரோ, செக்‌ஷன் மாத்திக் குடுங்க என்றார்கள். அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முத்து இசக்கி வக்கீல் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அவரை விசாரித்தது. புதன்கிழமை நீங்க எப்படி இருந்தீய? பச்சையா இருந்தேன். வெள்ளிக்கிழமை? மஞ்சளா இருந்தேன். உள்ளயுமா?

தலைவர் எழுந்தார். பிறகு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னையப் புடிச்சு முக்குனா நா என்னம்மா செய்ய முடியும்? தோலுதான் மாறுச்சு. நா இன்னும் காய்தான்" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, விட்டால் இன்னும் பேசுகிறவர் மாதிரி நின்றார். இந்த மனுஷனை இத்தனை வருஷம் சங்க மேடையில் வீணடித்திருக்கிறோம்.

பிறகு என் முறை. கேஸில் வருகிற வியாபாரியின் குடோனை என்ன செய்யப் போகிறீர்கள், அதிகாரி முடிவு சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். சீல் வைக்க வேண்டும் என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்க ஸார் என்றது முத்து இசக்கி. சொன்னேன்.

சிவபாலன் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கார் ஓட்டி வந்தவன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கமிட்டி கூடியது. தலைவரைச் சேர்த்து ஏழு பேர். தாவரவியலை மூட மூன்று கை. வைத்துக்கொள்ள இரண்டு கை. பிறகு மூன்றாவதாக என் கை. மூடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்ததே நான் என்று மெடிக்கல் ஸ்டோர்காரர் ஞாபகப்படுத்தினார். பி.பி.ஏ.வுக்கு மாடியில் ஷீட் போட்டுக்கொள்ளலாம், அது மலிவு என்றேன். அதுவும் உண்மைதான்.

மூன்றுக்கு மூன்று. இனி தலைவர் சொல்வதுதான் முடிவு. வெளியே வராந்தாவில் டீச்சர் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே தெரிந்தது.

ராஜபொன்னையா அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அந்தத் துடைப்பு தெரியும். ஏலத்தில் கடைசி விலை கேட்பதற்கு முன்னால் துடைப்பார்.

"துறை இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கண்டிஷன். பிள்ளைங்க நேர்ல பாத்துப் படிக்க ஒரு மண்டி வேணும்லா? செயலாளர் மண்டியையே எழுதிருவோம். வருஷம் பூரா, எந்த நாளும், எந்த நேரமும், சொல்லாம வரலாம். அயோடினோட. என்ன வே, சம்மதமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கயிறு ஊரில் யார் கட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு மாதமாக மார்க்கெட்டில் நான் சிரித்த சிரிப்பு அத்தனையையும் ஒரே தவணையில் வசூலித்துவிட்டார்.

முக்காமல் பழுக்க வைத்தால் முகூர்த்த ஆர்டரில் பாதி கைவிட்டுப் போகும். கேஸ் ரூம் கட்டக் கடன் வாங்க வேண்டும். நம் சரக்கு மெதுவான சரக்கு என்று கொச்சிக்காரன் பேசுவான். மனசுக்குள் கணக்குப் போட்டேன், எப்படிப் போட்டாலும் நஷ்டம்தான் வந்தது. எழுதுங்க என்றேன்.

வராந்தாவில் போய் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். பேனாவை மூடிவிட்டு, "அப்போ திங்கக்கிழமையே வரலாமா ஸார்?" என்றார்.

வாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சிவபாலன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். முடிக்கட்டும், சொல்லுகிறேன்.